லிண்டன்வெக் தரிப்பிடத்து இராயப்பர்

யூட்சன் ஓட்டுகிற பஸ் வட்டமாகப் போவது. ஜெர்மனியில், பான் நகரின் தெற்குப் பக்கத்தில், ரைன் ஆற்றங்கரையிலிருந்து மேட்டுக் குடியிருப்புகளுக்கு ஏறி, மறுபடி ஆற்றங்கரைக்கே இறங்கி வந்துவிடும். ஒரு சுற்றுக்கு நாற்பத்தைந்து நிமிடம். ஒருமுறை கவனிக்கத் தவறிய எதையும் முக்கால் மணி நேரத்தில் மறுபடி கொண்டுவந்து கண்முன் நிறுத்துகிற வழி அது. மனச்சாட்சி உள்ள ஒரு மனிதனுக்கு அது அவ்வளவு நல்ல வழி அல்ல என்பது பின்னால்தான் அவனுக்குத் தெரிந்தது.

ஜூன் மாத முதல் புதன்கிழமை, லிண்டன்வெக் தெருவில் ஸ்பெர்முல் நாள். வீட்டில் வேண்டாத கட்டில், மெத்தை, அலுமாரிகளைச் சனங்கள் நடைபாதையில் கொண்டுவந்து வைப்பார்கள். நகரசபை லொறி வந்து அள்ளிக்கொண்டு போகும்வரை, பிடித்ததை வழியில் போகிறவர்கள் எடுத்துக்கொள்வார்கள். யூட்சனுக்குப் பிடிக்காதது என்று அதில் அநேகமாக எதுவும் கிடையாது. அவன் வீட்டுக் கதிரைகள் நான்கும் நான்கு தெருவைச் சேர்ந்தவை. பனிச்சறுக்குப் பலகை ஒரு சோடியும் இருந்தது. அவன் பனியில் நடக்கவே பயப்படுகிறவன். இதனால் தமிழ்க் கத்தோலிக்கச் சபையின் தலைவர் தங்கராசா அண்ணை அவனுக்கு 'ஸ்பெர்முல் யூட்சன்' என்று பெயர் வைத்திருந்தார். எட்டு வருடமாக எல்லோரும் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அவனும் சிரித்துக்கொள்வான். வீட்டுக்கு வந்த பிறகு சிரிக்கமாட்டான்.

அன்று முதல் சுற்றில், லிண்டன்வெக் தரிப்பிடத்துக்கு அருகே ஒரு மெத்தையில் சாய்த்து வைத்திருந்த படத்தைக் கண்டான். சட்டம் போட்ட பெரிய எண்ணெய் வர்ணப் படம். அகன்ற ஆறு, தாழ்ந்த மேகம், இரண்டு படகுகள், வலை இழுக்கும் மனிதர்கள். ஒருவர் மட்டும் படகில் எழுந்து நிற்கிறார்.

இரண்டாவது சுற்றில், நிற்கிறவரின் தலைக்குப் பின்னால் ஒரு மஞ்சள் வட்டம் இருப்பதைக் கண்டான்.

மூன்றாவது சுற்றில் மழை தூறத் தொடங்கியிருந்தது. தள்ளுவண்டியோடு ஒரு மனிதன் மெத்தைக்குப் பக்கத்தில் நின்று தாடியைத் தடவிக்கொண்டிருந்தான். யூட்சன் கடைசித் தரிப்பிடத்துக்குப் போய் பஸ்ஸை நிறுத்தியதும் முதல் வேலையாக மனைவிக்குப் போன் எடுத்தான்.

"அன்ரனிற்றா, நீர் எங்கை நிக்கிறீர்?"

"வீட்டிலை. ஏன்?"

"கெதியா லிண்டன்வெக் தரிப்பிடத்துக்குப் போம். அங்கை ஒரு மெத்தையிலை சாஞ்சு கொண்டு இராயப்பர் நிக்கிறார்."



"இஞ்சேருங்கோ, நீங்கள் இண்டைக்குச் சாப்பிட்டனீங்களோ?"

பேதுருவை யாழ்ப்பாணத்துக் கத்தோலிக்கர் பழைய வழக்கப்படி இராயப்பர் என்பார்கள். பவுல் சின்னப்பர். இருவருக்கும் சேர்த்து ஜூன் மாதக் கடைசியில் திருநாள். யூட்சனும் அன்ரனிற்றாவும் குருநகர்க் கடற்கரைக்காரர். மீன்பிடிக்கிறவர்களின் அர்ச்சியசிஷ்டவரான அந்தப் புனிதர் தங்கள் சொந்தக்காரர் என்ற எண்ணம் இருவருக்கும் உண்டு. அவர் நடைபாதையில் நனைகிறார் என்றால் சும்மா இருக்க முடியாது.

நான்காவது சுற்றில் யூட்சன் பார்த்தபோது அன்ரனிற்றா தரிப்பிடத்தில் நின்றாள். குடை படத்துக்கு மேலே இருந்தது. அவள் மழையில் நின்றாள்.

பஸ்ஸில் குழந்தை வண்டிகள் நிற்கிற இடத்தில் படத்தை ஏற்றினார்கள். அங்கே இருந்த ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை, யாரும் கேட்காமலே எழுந்து, தன் கழுத்துத் துணியால் சட்டத்திலிருந்த மழைநீரைத் துடைத்துவிட்டது. இப்படிப்பட்ட சின்னக் காரியங்களைக் கடவுள் எங்கோ எழுதி வைத்துக்கொள்கிறார் என்றுதான் நான் நினைக்கிறேன்.

வீட்டில் இருவரும் படத்தைச் சுவரில் சாத்திவைத்து ஆராய்ந்தார்கள்.

"வலை இருக்கு. படகு இருக்கு. தலையிலை ஒளி வட்டம் இருக்கு. ஆள் கட்டையா, மொத்தமா, கோவக்காரர் மாதிரி நிக்கிறார். இராயப்பரேதான்" என்றான் யூட்சன்.

"அப்ப ஆண்டவர் எங்கை?"

யூட்சன் கிட்டப்போய்ப் பார்த்தான். "இந்தா, கரையிலை ஒராள் நிக்கிறார்."

"அவருக்கு வட்டம் இல்லையே."

"அவர் தூரத்திலை நிக்கிறார். தூரத்திலை வட்டம் தெரியாது."

"அவருக்குப் பக்கத்திலை என்ன, மாடோ?"

"மாடுதான்."

"கடற்கரையிலை ஆண்டவர் மாட்டோடை என்ன செய்யிறார்?"

"பெத்லகேமிலையும் மாடு நிண்டது தானே. பழக்கமா இருக்கும்."

அன்ரனிற்றா அதை ஏற்றுக்கொள்ளவில்லை. ஆனால் படத்தைத் திருப்பியபோது அவளுக்கே சந்தேகம் தீர்ந்தது. பின்பக்கத்தில் ஒட்டியிருந்த பழுப்புக் காகிதத்தில் பென்சிலால் ஜெர்மன் மொழியில் 'ஃபூர் பெட்ர்' என்று எழுதியிருந்தது. அதற்குப் பிறகு காகிதம் கிழிந்து போயிருந்தது.

"பெட்ருஸ்!" என்றாள் அன்ரனிற்றா. "ஃபூர் பெட்ருஸ். பேதுருவுக்காக. இது ஆரோ நேத்தி வைச்சுக் கீறின படம்." சொல்லிவிட்டு நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அதற்குப் பிறகு மாட்டைப் பற்றி அவள் பேசவில்லை.

செய்தி பரவியது. ஞாயிற்றுக்கிழமை தங்கராசா அண்ணையே வீட்டுக்கு வந்துவிட்டார். சப்பாத்தைக் கழற்றி, மூக்குக் கண்ணாடியை மாற்றிப் போட்டு, படத்துக்கு முன்னால் கைகட்டி நின்றார். அதே நேரம் அவருடைய சட்டைப் பையிலிருந்து ஒரு சேவல் உரத்துக் கூவியது. அன்ரனிற்றா திடுக்கிட்டுப் போனாள்.

"பயப்பிடாதை பிள்ளை, போன்" என்றார். "மகள் வைச்சுத் தந்தவள். எனக்கு மாத்தத் தெரியேல்லை." போனில் ஓம் ஓம் என்று இரண்டு தரம் சொல்லிவிட்டு மறுபடி படத்தைப் பார்த்தார். "ஒண்டு கேக்கிறன் தம்பி. திருநாள் ரெண்டு பேருக்கு. சின்னப்பர் எங்கை?"

இந்தக் கேள்விக்கு யூட்சன் மூன்று நாளாகத் தயாராக இருந்தான்.

"இது ஆண்டவர் மீன் பிடிக்கச் சொன்ன நேரம் அண்ணை. சின்னப்பர் அப்ப இன்னும் மனந்திரும்பேல்லை."

தங்கராசா அண்ணை அவனைப் புதிதாகப் பார்ப்பதுபோலப் பார்த்தார். "உண்மைதான்" என்றார். "எண்டாலும் இன்னொரு வட்டம் கீறி இருந்தால் நல்லா இருந்திருக்கும். நாங்கள் வருசா வருசம் தூக்கிற கலண்டர் இராயப்பருக்கு முகமே மங்கிப் போச்சு. இந்த வருசம் சுற்றுப் பிரகாரத்துக்கு உன்ரை படம்தான் முன்னுக்குப் போகுது. நீதான் தூக்கிறாய்."

அவர் போகும்போது வாசலில் நின்று, "அப்ப வாறன் யூட்சன்" என்றார். வெறும் யூட்சன். முன்னால் ஒன்றும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு யூட்சன் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றான்.

மேல்மாடியில் இருந்த குணேஸ்வரி அக்கா சைவக்காரி. அவரும் பூவோடு இறங்கி வந்தார். அவருடைய மகள் அஜிதா வாகனம் ஓட்டும் சோதனையில் நாலு தரம் தவறியிருந்தாள்.

"நல்லூரானுக்கும் சொல்லி இருக்கிறன். அவருக்கு அங்கை ஆயிரம் வேலை. உங்கடை ஆள் இஞ்சை கிட்டத்திலை நிக்கிறார், அவருக்கும் ஒரு சொல்லுச் சொல்லி வைப்பம்" என்று பூவை வைத்து, ஒரு மெழுகுவர்த்தியும் கொளுத்தினார். ஐந்தாவது சோதனையில் அஜிதா சித்தியடைந்தாள். "இந்த முறை நான் கண்ணாடி பார்த்து ஓடினனான் அம்மா" என்று அவள் சொன்னது யாருடைய காதிலும் ஏறவில்லை. அந்த வாரம் மட்டும் ஒன்பது பேர் பூவோடு வந்தார்கள்.

திருநாள் வாரத்துப் புதன்கிழமை, லிண்டன்வெக் தரிப்பிடத்தின் கண்ணாடியில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. நடுங்கிய, வடிவான கையெழுத்து. ஆட்கள் ஏறி இறங்குகிற நேரத்தில் ஒரு பஸ் ஓட்டுநர் எவ்வளவு வாசிக்க முடியும்? முதல் சுற்றில் யூட்சன் 'தேடுகிறேன்' என்ற தலைப்பை மட்டும் வாசித்தான். பூனையாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான்.

இரண்டாவது சுற்றில்: 'ஓர் ஓவியம். ஆறு, படகுகள், மீனவர்கள். பழைய டச்சுப் படம் ஒன்றைப் பார்த்து என் கணவர் வரைந்தது.' பஸ் அந்தச் சுற்றில் ஒரு தரிப்பிடத்தில் நிற்காமலே போய்விட்டது. பின்னால் ஒரு முதியவர் மணியை விடாமல் அழுத்தினார்.

மூன்றாவது சுற்றில்: 'நான் மருத்துவமனையில் இருந்தபோது தவறுதலாக வெளியே வைக்கப்பட்டுவிட்டது. எனக்கு மட்டுமே பெறுமதியானது. கொண்டுவருகிறவருக்கு ஆப்பிள் கேக்.'

நான்காவது சுற்றில்: 'பெட்ரா ஹோல்ஷர், லிண்டன்வெக் 12.'

பெட்ர் என்பதோடு கிழிந்து போன காகிதத்தின் மீதி எழுத்து இங்கே கண்ணாடியில் ஒட்டியிருந்தது. 'ஆ.' பெட்ருஸ் இல்லை. பெட்ரா.

"ஆ" என்று யூட்சன் வாய்விட்டே சொல்லிவிட்டான். முன் இருக்கையில் இருந்த பெண், "பல் வலியா?" என்று அனுதாபத்தோடு கேட்டாள்.

ஐந்தாவது சுற்றில் பெட்ரா ஹோல்ஷரே அங்கே நின்றார். எண்பது வயது இருக்கும். நடக்க உதவும் சில்லு வைத்த தள்ளுவண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார். யூட்சன் பஸ்ஸின் வாசல் பக்கத்தைத் தாழ்த்தி, அவர் ஏறி அமரும்வரை காத்திருந்தான். அமர்ந்தவர் அவன் பக்கம் சாய்ந்தார்.

"நீங்கள் ஓட்டுநர்கள் எல்லாவற்றையும் பார்ப்பீர்கள். மூன்று கிழமைக்கு முன்னால் இந்த இடத்தில் ஒரு மெத்தைக்குப் பக்கத்தில் ஒரு படம் இருந்ததாம். யாராவது எடுத்ததைக் கண்டீர்களா?"

"இல்லை" என்றான் யூட்சன். என்ன செய்வதென்று தெரியாமல் கை ஒரு விசையைத் தட்டியது. காய்ந்த கண்ணாடியில் மழைத்துடைப்பான் கீச் கீச் என்று ஓடத் தொடங்கியது. வெளியே நல்ல வெயில்.

"பரவாயில்லை" என்றார் பெட்ரா. "நான் அமரும்வரை காத்திருந்தீர்களே, அதற்கு நன்றி. எல்லோரும் அப்படிச் செய்வதில்லை."

அவர் திட்டியிருந்தால் அவனுக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது.

மறுநாள் பஸ் நிலையத்தில் ரால்ஃப் என்ற ஓட்டுநர் கேட்டான்: "லிண்டன்வெக் நோட்டீஸைப் பார்த்தாயா? நீதானே தெருச் சாமான்களில் கண் வைத்திருக்கிறவன். உனக்கு ஏதாவது தெரியுமா?"

"தெரியாது."

அன்ரனிற்றாவுக்கு அவன் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சுற்றுப் பிரகாரம் முடியட்டும், திங்கட்கிழமை காலையிலேயே கொண்டுபோய்க் கொடுத்துவிடலாம் என்று தனக்குள் முடிவு செய்திருந்தான். அது கிட்டத்தட்ட நேர்மையான முடிவு என்றே அவனுக்குப் பட்டது. ஒரேயொரு ஞாயிற்றுக்கிழமை, அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை மாலை, கோயில் மண்டபத்தில் எல்லோரும் கடதாசிப் பூக் கட்டிக்கொண்டிருந்தார்கள். தங்கராசா அண்ணை ஏணியில் நின்றார். யூட்சன் கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"டேய் யூட்சன், ஒரு கதை கேள்விப்பட்டன். லிண்டன்வெக்கிலை ஆரோ மனிசி படம் தேடுதாம். ஆறும் படகுமாம். அது எங்கடை இராயப்பர் இல்லைத்தானே?"

"சீச்சீ! அது வேறை அண்ணை. எனக்கு அந்த மனிசியையே தெரியாது."

அவன் இன்னும் வாய் மூடவில்லை. ஏணியின் உச்சியிலிருந்து, தங்கராசா அண்ணையின் சட்டைப் பைக்குள்ளிருந்து, சேவல் கூவியது.

பூக் கட்டிக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்க்கவில்லை. அவர்களுக்கு அது பழகிய சத்தம். யூட்சனுடைய கை மட்டும் ஏணியை விட்டுவிட்டது.

"டேய், ஏணியைப் பிடியடா!" என்று கத்தினார் தங்கராசா அண்ணை. பிறகு போனைக் காதில் வைத்தார். "ஹலோ? ஓம், உயிரோடைதான் இருக்கிறன்."

யூட்சன் வீட்டுக்குப் போய் சமையலறைக் கதிரையில் இருந்தான். அன்ரனிற்றா முகத்தைப் பார்த்துவிட்டு அடுப்பை நிறுத்தினாள். அவன் எல்லாவற்றையும் சொன்னான். நோட்டீஸ், பெட்ரா, ரால்ஃப், ஏணி, சேவல்.

அன்ரனிற்றா விரலை மடித்து எண்ணினாள். "மூண்டு தரம்."

"மூண்டு தரம்" என்றான் அவன்.

"சேவலும் கூவிச்சுதோ?"

"கூவிச்சுது."

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கோபமும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"இராயப்பர் ஆண்டவரைத் தெரியாது எண்டு மூண்டு தரம் சொல்லி, சேவல் கூவினவுடனை வெளியிலை போய் அழுதவர். நீங்கள் வெளியிலை போய் பஸ் எடுங்கோ. நாளைக்குக் காலமை அந்த மனிசி வீட்டை போறம்."

"ஞாயிறு முடிய..."

"ஏலாது."

"தங்கராசா அண்ணை சாகுமட்டும் சிரிப்பார். முந்தி ஸ்பெர்முல் யூட்சன். இனிக் கள்ள இராயப்பர் எண்டு கூப்பிடுவார்."

"சிரிக்கட்டும். அவரின்ரை பிறசருக்குச் சிரிக்கிறது நல்லது." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "இஞ்சேருங்கோ. ஒரு மனிசி ஆஸ்பத்திரியாலை வந்து சுவரைப் பார்க்குது. சுவரிலை ஆணி மட்டும் இருக்கு. அந்த ஆணியை நினைச்சுப் பாருங்கோ."

அவன் ஆணியை நினைத்துப் பார்த்தான். எழுந்துபோய், படத்தைச் சுற்ற ஒரு போர்வையை எடுத்துவந்தான்.

சனிக்கிழமை காலை, பன்னிரண்டாம் இலக்க வீட்டுக் கதவைத் திறந்த பெட்ரா முதலில் யூட்சனைத்தான் பார்த்தார். பிறகு போர்வை சுற்றிய பெரிய சதுரத்தைப் பார்த்தார். வழிவிட்டார். உள்ளே போர்வையை விலக்கியதும், அவருடைய விரல் நேராக அந்த மஞ்சள் வட்டத்துக்குத்தான் போனது. அதைச் சுற்றி ஒருமுறை மெதுவாகத் தடவினார்.

யூட்சன் வழியெல்லாம் பாடமாக்கி வந்ததைச் சொன்னான். "புதன்கிழமை பஸ்ஸில் நான் உங்களுக்குப் பொய் சொன்னேன்."

"தெரியும்" என்றார் பெட்ரா. "வெயிலில் மழைத்துடைப்பான் போட்டீர்கள். இருபது வருடம் பள்ளிக்கூடத்தில் படிப்பித்திருக்கிறேன். பிள்ளைகளும் அப்படி ஏதாவதுதான் செய்வார்கள்."

"பிறகு ஏன் என்னை ஒன்றும் கேட்கவில்லை?"

"பஸ்ஸைத் தாழ்த்தி, நான் அமரும்வரை காத்திருந்த ஆள். யோசிக்க நேரம் கொடுத்தால் வருவார் என்று நினைத்தேன். ஆப்பிள் கேக்கைக்கூட நேற்றே செய்துவைத்துவிட்டேன்."

கேக்கும் கோப்பியும் வந்தன. மூன்று கிழமை படம் என்ன செய்தது என்று அவர் கேட்டார். யூட்சன் மேசை விரிப்பைப் பார்த்தான். அன்ரனிற்றாதான் சொன்னாள்: இராயப்பர், பூ, மெழுகுவர்த்தி, அஜிதாவின் சோதனை, சுற்றுப் பிரகாரம், எல்லாம். ஒளி வட்டத்தைப் பற்றிச் சொன்னபோது பெட்ரா கையிலிருந்த முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"ஒளி வட்டமா? அது கோப்பிக் கோப்பை!"

இருவரும் விழித்தார்கள்.

"கல்யாணம் முடித்த முதல் வருடம். கார்ல்-ஹைன்ஸ் ஒரு டச்சுக்காரருடைய பழைய ஆற்றுப் படத்தைக் கலண்டரில் பார்த்துப் பார்த்து மூன்று மாதமாக வரைந்தார். என் பிறந்தநாளுக்கு. எனக்குத் தெரியாமல் நிலவறையில் வைத்து. முடிகிற அன்றைக்கு நான் கோப்பி கொண்டுபோனேன். விளக்கு அரைகுறை. மேசை என்று நினைத்து ஈரப் படத்தின் மேலேயே கோப்பையை வைத்துவிட்டேன்." அவர் மறுபடி வட்டத்தைத் தொட்டார். "நேராக அந்த மனிதனுடைய தலைக்குப் பின்னால். எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. கோப்பியை எடுத்துக் குடித்தார். பிறகு மஞ்சளை எடுத்து, அந்த வட்டத்துக்குள் பூசினார். 'நல்ல வேளை பெட்ரா, நான் சூரியனை மறந்தே போயிருந்தேன்' என்றார். ஐம்பத்தாறு வருடமாக என் சுவரில் இருந்த சூரியன் இது."

அன்ரனிற்றா தன் கோப்பையை இரண்டு கையாலும் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள்.

"ஒன்று கேட்கலாமா?" என்றான் யூட்சன். "கரையில் நிற்கிற மாடு?"

"அது நாய்" என்றார் பெட்ரா. "அவருக்கு நாய் வரைய வராது."

அவர்கள் புறப்படும்போது அன்ரனிற்றா, யூட்சனைக் கேட்காமலே, நாளைக்கு மூன்று மணிக்குத் திருநாள், தேநீரும் பலகாரமும் இருக்கும், வாருங்கள் என்று சொல்லிவிட்டாள். பெட்ரா இடுப்பைத் தடவி, பார்க்கலாம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை யூட்சனுக்குக் காலை வேலை. கடைசிச் சுற்றில் அவன் மனதுக்குள் பார்த்துக்கொண்டு போனது எல்லாம் தங்கராசா அண்ணையின் முகத்தைத்தான். எப்படித் தொடங்குவது? லிண்டன்வெக் வளைவில் திரும்பினான். தரிப்பிடத்தில் பெட்ரா நின்றார். நீல உடுப்பு, தொப்பி. தள்ளுவண்டியின் மேல், கட்டில் விரிப்பில் சுற்றிக் கயிறு போட்டபடி, ஒரு பெரிய சதுரம்.

"இந்த பஸ் கோயிலுக்குப் போகுமா?" என்று கேட்டார்.

"போகாது. ஆனால் ஓட்டுநர் போவார்" என்றான் யூட்சன்.

அவன் பஸ்ஸை அடுத்த ஓட்டுநரிடம் ஒப்படைத்துவிட்டு, படத்தைத் தோளில் வைத்துக்கொண்டு, பெட்ராவின் நடைக்குத் தன் நடையைச் சுருக்கிக்கொண்டு கோயிலுக்குப் போனான். மண்டபம் நிறைந்திருந்தது. தங்கராசா அண்ணை ஓடிவந்தார்.

"எங்கையடா போட்டாய்? இராயப்பர் பிந்தி வந்தால் எப்பிடிச் சுத்துறது?"

யூட்சன் நேராக ஒலிவாங்கியிடம் போனான்.

"எல்லாரும் என்னை மன்னிக்க வேணும்" என்றான். "இது இராயப்பர் இல்லை. இது இந்த அம்மாவின்ரை படம். பின்னுக்கு எழுதி இருக்கிறது பெட்ருஸ் இல்லை, பெட்ரா. இவவின்ரை பேர். ஒளி வட்டம் எண்டு நாங்கள் கும்பிட்டது கோப்பிக் கோப்பை வைச்ச அடையாளம். மாடு எண்டது நாய். உண்மை தெரிஞ்ச பிறகும் நான் மூண்டு தரம் பொய் சொன்னனான். கடைசித் தரம் தங்கராசா அண்ணைக்கு."

பிறகு கோப்பி வட்டம் எப்படிச் சூரியனானது என்ற கதையையும் சொன்னான். எல்லோரும் தங்கராசா அண்ணையைத்தான் பார்த்தார்கள். அவருடைய முகம் சிவந்து, கன்னம் உப்பி, தோள் குலுங்கத் தொடங்கியது.

"அதானே பார்த்தன்!" என்று வெடித்தார். "சேவல் கூவேக்கை ஏன் இவன் ஏணியை விட்டவன் எண்டு ரெண்டு நாளா யோசிக்கிறன்!" அதற்கு மேல் அவரால் பேச முடியவில்லை. கதிரையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பு முதல் வரிசைக்குப் போய், பாடகர் குழுவுக்குப் போய், கடைசி வரிசைவரை போனது.

குணேஸ்வரி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப அஜிதாவைப் பாஸ் பண்ண வைச்சது ஆர்?"

"நான்தான் அம்மா" என்றாள் அஜிதா.

குணேஸ்வரி அக்கா அதை யோசித்துப் பார்த்தார். பிறகு, கொண்டுவந்த பூமாலையை என்ன செய்வதென்று தெரியாமல், பெட்ராவின் கையில் கொடுத்துவிட்டார்.

டார்ம்ஸ்டாட்டிலிருந்து வந்திருந்த பாதர் பிரசங்கத்துக்கு எழுதி வைத்திருந்த தாளை மடித்துப் பைக்குள் வைத்தார். "மனைவியின் தவறைச் சூரியனாக்கின ஒரு மனிதரைப் பற்றி இன்றைக்குக் கேட்டோம்" என்றார். "அந்தப் படம் சுற்றுப் பிரகாரத்தில் வருவதற்கு இராயப்பர் மறுப்புச் சொல்லமாட்டார். தவறு செய்து மன்னிக்கப்படுவது எப்படி என்று அவருக்குத் தெரியும்."

முகம் மங்கிய கலண்டர் இராயப்பர் முன்னால் போனார். அவருக்குப் பின்னால் ஆறும் படகுகளும் நாயும் போயின. படத்தை ஒரு பக்கம் யூட்சன் பிடித்தான். மறுபக்கத்தைப் பிடிக்க, யாரும் சொல்லாமலே, தங்கராசா அண்ணை வந்தார்.

பூசைக்குப் பிறகு தேத்தண்ணி. படத்தை ஒரு மேசையில் படுக்கவைத்திருந்தார்கள். சனங்கள் சுற்றி நின்று, வட்டத்தை ஒரு தரம் பார்க்கவேண்டும் என்று எட்டிப் பார்த்தார்கள். தங்கராசா அண்ணை பெட்ராவுக்கென்று ஒரு கோப்பைத் தேத்தண்ணியைத் தானே கொண்டுவந்தார். கூட்டம் நெருக்கியது. சேவல் கூவியது. போனை எடுக்க ஒரு கை வேண்டும். அவர் கோப்பையை வைக்க இடம் தேடினார், கண்ணுக்கு முன்னால் மேசை மாதிரி ஒன்று தெரிந்தது.

"அண்ணை!" என்று பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

கோப்பை படத்துக்கு ஒரு சாண் மேலே, இரண்டாவது படகில் குனிந்து வலை இழுக்கிறவரின் தலைக்கு நேராக, அப்படியே நின்றது.

"விடுங்கோ, வைக்கட்டும்" என்றாள் அன்ரனிற்றா. "சின்னப்பருக்கும் ஒரு வட்டம் வேணும் எண்டு அவர் அண்டைக்கே கேட்டவர்."

மண்டபம் மறுபடி சிரித்தது. என்ன சொன்னாள் என்று பெட்ரா கேட்டார். யூட்சன் குனிந்து ஜெர்மன் மொழியில் சொன்னான். பெட்ரா முதலில் வாயைப் பொத்தினார். பிறகு தொப்பி சரியும்வரை சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தங்கராசா அண்ணையின் கையிலிருந்து கோப்பையை வாங்கி, பூமாலைக்குப் பக்கத்தில், தன் மடியில் பத்திரமாக வைத்துக்கொண்டார்.

"யூட்சன்" என்றார் தங்கராசா அண்ணை, இன்னும் கூவிக்கொண்டிருந்த போனைத் தேடியபடி. "உனக்கு ஜெர்மன் நல்லா வருது. இந்தச் சேவலை எப்பிடி நிப்பாட்டிறது எண்டு இந்த அம்மாவை ஒருக்காக் கேட்டுச் சொல்லு."

"அது இருக்கட்டும் அண்ணை" என்றான் யூட்சன். "எனக்குத் தேவைப்படும்."